லடீனாவுக்கு அளவெடுத்துத் தைத்த விளம்பரம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து, "ஓகோ, அதுதான் சங்கதியா" என்று முகத்தைச் சுளிப்பதைவிட இது மேல்.

பல வருடங்களுக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம், முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஊர் தெரிந்தால் பல்கலைக்கழகம் தெரிந்துவிடும், பல்கலைக்கழகம் தெரிந்தால் பேராசிரியர் தெரிந்துவிடுவார், நாடே உள்ளங்கை அளவு. விளம்பரத்தில் ஒன்பது தகுதிகள் கேட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்பதும் இருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், கைகுலுக்கினார்கள், காப்பி கொடுத்தார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது. அவ்வளவு மரியாதையான கடிதத்தை நான் யாரிடமிருந்தும் வாங்கியதில்லை. வேலைதான் இல்லை.

ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது: அந்த இடத்துக்கான ஆள் அதே மாடியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். விதிப்படி ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்பதால் அறிவித்தார்கள். அவரைப் பார்த்துப் பார்த்து எழுதிய விளம்பரத்தில் நான் தற்செயலாகப் பொருந்தித் தொலைத்தேன். இன்று அதே ஊரில் ஒரு தொழிற்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறேன்.

ஆகவே, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அந்த ஆளைப் பற்றி ஒரு கதை எழுதி, அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆணாக இருந்தால் என் கோபம் ரொம்பத் தெரிந்துவிடும் என்று பெண்ணாக மாற்றினேன். பெயர் லடீனா.

2

தொடக்கங்கள்:

"நவம்பர் மாதத்து மூடுபனி ஊரை —" வேண்டாம். நவம்பரில் இங்கே மூடுபனி இருக்கும். அதை ஒருவர் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

"லடீனா ஒரு தந்திரக்காரி. யாரிடம் எப்படிச் சிரித்தால் எது நடக்கும் என்று அவளுக்கு —" இதுதான் நான் விரும்பிய தொடக்கம். ஒரு பக்கம் ஓடியது. ஆனால் அந்த ஒரு பக்கம் முழுவதும் அவளால் செய்ய முடிந்த தந்திரம் ஒன்றே ஒன்று: துறையின் சமையலறையில் யாருடைய பால் என்று பார்க்காமல் காப்பியில் ஊற்றிவிட்டாள். உடனே அந்தப் பாட்டிலில் "மன்னிக்கவும், நான்தான், லடீனா" என்று சீட்டு ஒட்டினாள். மறுநாள் புதுப் பால் வாங்கி வைத்தாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லத்தனம் செய்வது? பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தொடக்கம், அலங்காரம் இல்லாமல்:

லடீனாவுக்கு வயது இருபத்தொன்பது. கிராவ்புண்டன் மாநிலத்து மலைக்காரி, வீட்டில் பேசுவது அங்கே கொஞ்சம் பேருக்கு மட்டுமே தெரிந்த ரோமான்ஷ் மொழி. பேராசிரியர் வெர்னர் கிரேபரின் தாவரவியல் துறையில் இரண்டு வருடமாக மணிக்கணக்குச் சம்பளத்தில் உதவியாளராக இருக்கிறாள். புல் மாதிரிகளைக் காயவைத்து ஒட்டுவாள், மற்றவர்களின் அட்டவணைகளில் உள்ள தப்புகளைத் திருத்துவாள், துறையிலிருந்து வெளியே போகும் கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதுவாள். வெர்னர் உலகத்தரமான தாவரவியலாளர், ஆனால் ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். "இலையுதிர்காலத்துல இடம் வருது, அது உனக்குத்தான்" என்று இரண்டு இலையுதிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் நிஜமாகவே வந்தது. கோடையில் மாடு மேயும் உயர்மலைப் புல்வெளிகள், மந்தை குறையும்போது எப்படி மாறுகின்றன என்ற ஆய்வு. நான்கு வருடம், முனைவர் பட்டம். அவள் பிறந்ததே இதற்காகத்தான் என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால் அக்டோபர் முடிவோடு அவள் சாவி அந்தக் கட்டடத்தின் கதவைத் திறக்காது. உதவியாளராக இரண்டு வருடத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு விதி.

(விதிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கதை நகராது. ஆனால் விதிகளை எடுத்துவிட்டால் இந்த நாட்டில் கதையே இல்லை.)

3

விளம்பரத்தை யார் எழுதுவது? லடீனாதான். துறையின் கடிதங்களை எழுதுபவள் அவள்தானே. தன்னுடைய வேலைக்கான விளம்பரத்தைத் தானே எழுதுவது தப்பில்லையா என்று கேட்டால் வெர்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எனக்குத் தெரியாம யாரோ எழுதறதுக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சு நீ எழுதறது நல்லதுதானே?" என்பார். ஒளிவுமறைவு இல்லாமல் தப்பு செய்தால் அது தப்பில்லை என்று நினைப்பவர்.

ஒன்பது மணிக் காப்பிக்கு எல்லாரும் கூடும் இடத்தில் அவள் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். எதிரே யூர்க். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டு, இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன போட்டிருக்கே, படி."

"தாவரவியல்ல முதுகலை. பூ இல்லாமலே புல்லை இனம் கண்டுபிடிக்கத் தெரியணும். உயர்மலை மேய்ச்சல்ல குறைஞ்சது ரெண்டு முழுக் கோடை வேலை பாத்திருக்கணும்."

"நீ ரெண்டு கோடைதான பாத்தே?"

"ஆமா."

"அப்ப சரி. மேல?"

"சுமை தூக்குற மிருகத்தைப் பிடிச்சு நடத்தத் தெரியணும். மின்சாரம், போன் இல்லாத இடத்துல வாரக்கணக்கா இருக்க முடியணும். ரோமான்ஷ் பேசணும்."

யூர்க் கைதட்டினான். "முடிஞ்சுது. உலகத்துல நீ ஒருத்திதான். கூடவே செருப்பு சைஸையும் போட்டுடு."

லடீனா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே பகீரென்றது, ஏனென்றால் அவள் அப்படிப் பார்த்தால் எதையோ நியாயப்படுத்தப் போகிறாள் என்று அர்த்தம்.

"யூர்க், இந்த ஆய்வுக்கு நிஜமாவே ரோமான்ஷ் வேணுமா?"

"ஏன்?"

"பாதி நிலம் இத்தாலிய மொழி பேசுற பள்ளத்தாக்குல இருக்கு. மேய்க்கிறவங்கள்ல பாதிப் பேர் போலந்துக்காரங்க. ரோமான்ஷ் எதுக்கு?"

"உனக்கு வேலை கிடைக்கறதுக்கு!"

"அதைத் தேவைன்னு எழுத முடியாது. அது தேவையில்ல."

"லடீனா, கடவுளே, இது ஒரு நாடகம். நாடகத்துல ராஜா வேஷம் உனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். நீ போய் கிரீடத்தைக் கழட்டி வைக்கிறே."

அவள் அந்த வரியை நீக்கினாள்.

நான் திரும்பப் போட்டேன். மூன்று வரைவுகளில் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் எடுத்துவிட்டாள். நான் கிழித்துத் தோரணம் கட்ட நினைத்த பெண் இவள்தான்.

4

இப்போது கதைக்கு வேறு விண்ணப்பதாரர்கள் வேண்டும். நிஜத்தில் நூற்றுச் சொச்சம் பேர் விண்ணப்பிப்பார்கள். கதைக்கு ஒருவர் போதும், மூன்று வரி போதும். "தகுதியான ஒருவர் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தார், மரியாதையான கடிதம் பெற்றார்" — அந்த மூன்று வரிக்குள் என் வாழ்க்கையையும் சொருகிவிடலாம் என்பது திட்டம்.

முதலில் பெர்லினிலிருந்து ஒருவனை வரவழைத்தேன். வேகமாகப் பேசுகிறவன், எல்லாரையும்விட இரண்டு நிமிடம் முன்னால் வந்து நிற்கிறவன். ஆனால் இங்கே அப்படிப்பட்ட ஜெர்மன்காரனை வெறுப்பதற்கு யாருக்கும் கதை தேவையில்லை. அனுப்பிவிட்டேன்.

அப்புறம் பெர்மெத் வந்தாள். கிர்கிஸ்தானில் நரின் பக்கத்துப் பெண். மின்னஞ்சலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நான் படித்துக்கொண்டே போனேன். தாவரவியலில் முதுகலை, பிஷ்கெக்கில். கோடை மேய்ச்சல்: ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை ஒவ்வொரு வருடமும், பெற்றோரின் குதிரைகளோடும் ஆடுகளோடும், மலை மேல் கூடாரத்தில். சுமை மிருகம்: குதிரை, எருது, ஒரு வருடம் ஒட்டகம். மின்சாரம் இல்லாத இடம்: "உங்கள் விளம்பரத்தைப் படிக்கும் வரை அது ஒரு தகுதி என்று எனக்குத் தெரியாது." பூ இல்லாமல் புல்லை இனம் காண்பது பற்றி ஒரு வரி: "சாணத்தைப் பார்த்தே என்ன மேய்ந்தது என்று சொல்வேன், தவறினால் அப்பா திட்டுவார்."

மூன்று வரிக்குள் அடங்கமாட்டேன் என்றாள். அழித்துப் பார்த்தேன். மறுநாள் காலை எழுத உட்கார்ந்தால் அங்கேயே நிற்கிறாள்.

விளம்பரத்தில் அந்த ரோமான்ஷ் வரி இருந்திருந்தால் அவள் விண்ணப்பித்திருக்கவே மாட்டாள்.

5

[ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் ஒரு ஏரி, பனிமலைகள், ரயில் ஜன்னல் வழியாகப் பெர்மெத் பார்ப்பது எல்லாம் இருந்தன. நன்றாகவே வந்திருந்தது. கதைக்குத் தேவையில்லை.]

6

நேர்காணலுக்கு வந்தவர்களைத் துறையின் இளைய ஆட்களில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். யூர்க் போக வேண்டியது. அவனுக்கு அன்று பல்வலி.*

லடீனா போனாள். தானும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருப்பதைச் சொல்லலாமா என்று வெர்னரிடம் கேட்டாள். "கேட்டா சொல்லு, கேக்காட்டி சொல்லாதே" என்றார். பெர்மெத் கேட்கவில்லை.

உணவகத்தில் அன்று உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ரோஷ்டி, மேலே பொரித்த முட்டை, ஓரத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. பெர்மெத் பாலாடைக்கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது எந்த மாசத்துப் பால்?"

"ஜூலை," என்றாள் லடீனா. "எப்படி மாசம்னு கேக்கத் தோணுச்சு?"

"புல் மாறினா வாசனை மாறுமே. மேல போகப் போக வேற."

லடீனா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு வருடமாக இந்த ஒரு விஷயத்தைத் துறையில் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் முகர்ந்ததில்லை. அப்புறம் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்தப் புல்லை மாடு கடைசியில்தான் தொடும், குதிரை எதை வேரோடு பிடுங்கும், மந்தை போன பிறகு முதலில் வளர்வது எது. லடீனாவுக்கு நேரம் போனதே தெரியவில்லை. இவளோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். அது நடக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. இடம் ஒன்றுதான்.

எழுந்திருக்கும்போது பெர்மெத் கேட்டாள்: "அந்த விளம்பரத்தை எழுதினது யாரு?"

"ஏன்?"

"நாலு வருஷமா விளம்பரம் படிக்கிறேன். எல்லாத்துலயும் எனக்கு இல்லாததைத்தான் கேப்பாங்க. இது ஒண்ணுதான், யாரோ என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, என் மூஞ்சியப் பாத்துப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. படிச்சுட்டு அழுதுட்டேன். எங்கம்மா பயந்துட்டாங்க."

லடீனா தட்டுகளை அடுக்கினாள்.

"ஆபீஸ்ல எழுதுவாங்க," என்றாள்.

* ஆமாம், நான்தான் வரவழைத்தேன். இவர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், அதற்கு ஒரு பல் போதும். இதைவிடப் பெரிய அநியாயங்களை விதிகளே செய்கின்றன.

7

தேர்வுக்குழுவில் மூன்று பேர். மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு (தயாரித்தது லடீனா). விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண். பெர்மெத்துக்கு முழு மதிப்பெண். லடீனா இரண்டு புள்ளி கீழே, மேய்ச்சல் கோடைகளின் எண்ணிக்கையில். மூன்றாவதாக வந்தவர் எங்கோ தூரத்தில்.

வெர்னர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், அது கெட்ட சகுனம்.

"லடீனா, நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"நீங்க சொன்னீங்க, வெர்னர். ரெண்டு வருஷமா சொன்னீங்க."

"சொன்னேன். இல்லேங்கல. ஆனா அந்தப் பொண்ணை நீயும்தான் பாத்தே. விளம்பரத்துல கேட்டதெல்லாம் அவகிட்ட இருக்கு. அப்புறம் எப்படி இல்லேன்னு சொல்றது? நாமதான கேட்டோம்?"

"நான்தான் கேட்டேன்," என்றாள் லடீனா.

"ரொம்ப நல்லா எழுதியிருந்தே," என்றார் வெர்னர். நிஜமாகவே பாராட்டினார். இந்த இடத்தில் எனக்கு மேஜையை உதைக்க வேண்டும் போல இருந்தது. கெட்டவன் ஒருவன் கிடைத்தால் கதை எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்! இவர்கள் யாரும் பொய் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், எல்லாரும் சேர்ந்து ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அவள் அழவில்லை. எழுந்திருக்கப் போனாள். வெர்னர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

8

இன்னும் ஒன்று இதுதான். பெர்மெத் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறாள். அவளுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றால், கன்டோன் அலுவலகத்துக்கு, அதாவது மாநில அரசுக்கு, ஒரு கடிதம் எழுத வேண்டும்: இந்த நாட்டில் இந்தப் பணிக்குப் பொருத்தமான யாரும் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று. பொருத்தமானவர் இருந்தால் அனுமதி இல்லை. அதிகம் பொருத்தமானவர் யார் என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

"இதை நீதான் எழுதணும்," என்றார் வெர்னர்.

லடீனா அவரைப் பார்த்தாள். "எனக்குத் தகுதி இல்லேன்னு நானே எழுதணுமா?"

"உனக்குத் தெரியாம நான் எழுதினா அது முதுகுல குத்துற மாதிரி ஆயிடும். அதை நான் பண்ணமாட்டேன். நீ எழுது. என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடறேன். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். தான் ஒரு மிக நியாயமான காரியம் செய்துவிட்டதாக நம்பினார். நானும் இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டுக்காரர்களோடு குப்பை கொட்டுகிறேன். இப்படி ஒரு யோசனை இவர்களுக்கு மட்டும்தான் வரும்.

யூர்க்குக்கு விஷயம் தெரிந்ததும் பல்வலியை மறந்துவிட்டான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உண்மையை எழுது! ‘பொருத்தமான ஆள் உண்டு, ரெண்டு வருஷமா எங்க மாடியிலேயே இருக்கா'ன்னு எழுது. அனுமதி வராது. இடம் உனக்கு. இந்த ஒரு தடவையாவது உன் நேர்மை உனக்குச் சோறு போடட்டும்."

"அதான் பயமா இருக்கு," என்றாள் லடீனா.

"என்ன பயம்?"

"எனக்கு லாபம்னா, அது நேர்மையான்னே எனக்குத் தெரியல."

"பைத்தியமே, உண்மை உண்மைதான். உனக்கு லாபம் வந்தா பொய்யாயிடுமா?"

"அவ என்னைவிட நல்லா பண்ணுவா யூர்க். அதுவும் உண்மை. அதை எழுத அந்தப் படிவத்துல இடமே இல்ல."

யூர்க் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். அவனுக்கு இந்தக் கதையில் இனி வசனம் இல்லை. எழுதித்தர என்னால் முடியவில்லை.

9

முடிவுகள்:

முதலாவது. லடீனா பொய் எழுதுகிறாள், பெர்மெத் வருகிறாள். லடீனா மலைக்குத் திரும்பிப்போய்ப் பாலாடைக்கட்டி செய்துகொண்டு மனநிறைவோடு — நிறுத்துங்கள். வேலை கிடைக்காதவர்களை மலைக்கு அனுப்பி நிம்மதி அடைய வைப்பது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். இரண்டாவது கோடையிலேயே லடீனாவுக்கு முதுகு போய்விட்டது. அவளுக்கு மலை வேண்டாம், மலையைப் பற்றிய ஆய்வுதான் வேண்டும். வேறு எங்காவது இடம் கிடைக்காதா என்றால், அவள் ஏற்கெனவே நான்கு ஊர்களில் கேட்டுப் பார்த்தாயிற்று. எல்லா மாடியிலும் ஆள் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது. உண்மையை எழுதுகிறாள். அனுமதி மறுக்கப்படுகிறது. வேலை லடீனாவுக்கு. அதன் பிறகு நரினுக்கு ஒரு மரியாதையான கடிதம் போக வேண்டும். அதை எழுதப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது. வெர்னர் இன்னொரு இடத்துக்குப் பணம் கண்டுபிடிக்கிறார், இருவரும் சேர்ந்து — இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான்காவது ஒன்று இருந்தது. அதில் நான் லடீனாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்று, பொய்யை எழுது என்று சொல்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். எழுதி முடித்துவிட்டுப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த தகுதியான ஆளுக்கு நீதி கிடைத்திருந்தது. ஒரு பெண் பெட்டியில் தன் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

10

வெள்ளிக்கிழமை. கன்டோன் அலுவலகம் பதினொன்றரைக்கு மூடிவிடும். ஒரு நிமிடம் தாமதமானாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து புன்னகைதான் கிடைக்கும். வெர்னர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த அறையில் காத்திருக்கிறார். நரினில் பெர்மெத் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள். லடீனா எழுத ஆரம்பித்துவிட்டாள்:

"இந்த நாட்டில் இந்தப் பணிக்குப் பொருத்தமானவர்"

அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்கிறார்" என்று முடிக்கலாம். "இல்லை" என்று முடிக்கலாம். பதினோரு நாளாக நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு அடுத்த சொல் எனக்கு வரவில்லை. வந்த சொல் எல்லாம் என் பழைய கோபத்திலிருந்து வந்தது.

லடீனாவுக்கு அந்த வேலை வேண்டும். பெர்மெத்துக்கு வேண்டும். எனக்குக் கணக்குத் தீர வேண்டும். எங்கள் மூன்று பேரில் யார் எழுதினாலும் அதில் ஆசை கலந்துவிடும். உங்களுக்கு இதில் எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே இந்தக் கதையில் நேர்மையாக எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். மணி பதினொன்று பத்து. லடீனா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள், உங்களுக்காக.

உட்காருங்கள். ஒரு சொல்தான் பாக்கி.